பரிசாரியாரின் முகமும் பிபிலேயின் பட்டியலும்

1972ஆம் ஆண்டு எனக்குப் பதினாறு வயது. சுபஹு தொழுதுவிட்டுச் சாய்ந்தமருதிலிருந்து கல்முனைக்கு நடந்தே போவேன். பிரதான வீதியில் ஒரு பாமசி. அங்கே எனக்குக் கிடைத்த முதல் வேலை கடதாசி வெட்டுவது. நோயாளி வீட்டிலிருந்தே வெற்றுப் போத்தல் கொண்டுவருகிற காலம் அது. மருந்துத் தண்ணியைக் கலந்து அதில் ஊற்றி, நீளக் கடதாசித் துண்டொன்றைப் பல் பல்லாக வெட்டி, மாப்பசை தடவிப் போத்தலின் பக்கவாட்டில் ஒட்டிக் கொடுப்போம். ஒரு பல் ஒரு வேளை. எழுத்துத் தெரியாத உம்மாவும் அந்தப் பல்லைப் பார்த்துப் பிள்ளைக்கு அளவு தவறாமல் கொடுப்பார்.

அளவு எவ்வளவு என்று எல்லாரும் கேட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை ஒரு நாடே கேட்கும்படி செய்தவரைப் பற்றியும், அவருக்கு முன்னும் பின்னும் எங்கள் ஊர் மருந்தை எப்படி நம்பியது என்பதைப் பற்றியும் எழுதிவைக்க விரும்புகிறேன். நாற்பது வருடங்களுக்கு மேல் மருந்து மேசைக்குப் பின்னால் நின்றவன் நான். கண்டதைச் சொல்லாமல் போவது அமானிதத்துக்குச் செய்யும் துரோகம்.

எங்கள் உம்மம்மாவின் காலத்தில் மருந்து என்றால் பரிசாரியார்தான். எங்கள் வளவுக்கு நாலு வீடு தள்ளி ஒரு பரிசாரியார் இருந்தார். முறிவு நெரிவுக்கும் விஷக்கடிக்கும் பேர்போனவர். தகப்பன் கையெழுத்தில் எழுதிய வாகடக் கொப்பி ஒன்றைச் சீலையில் சுற்றி வைத்திருந்தார். கல்வத்தில் அரைத்த குளிகையைத் தந்தால் தேனிலா முலைப்பாலிலா குழைப்பது, எத்தனை நாள் பத்தியம் காப்பது என்பதையெல்லாம் வரிசையாகச் சொல்லி, திருப்பிச் சொல்லவும் வைப்பார். கண்டி மன்னர்களின் அரண்மனையில் கோபால பரம்பரை என்ற முஸ்லிம் வைத்தியர் குடும்பம் பணியாற்றியது வரலாறு. அந்த மரபின் சிறு சிறு கிளைகள் கிழக்குக் கரை முழுவதும் இப்படித்தான் வேரோடியிருந்தன.

அவரிடம் நான் கண்ட பெரிய குணம் ஒன்று உண்டு. தன் கைக்கு அடங்காத நோயென்றால் நாடி பிடித்த கையை எடுத்துவிட்டு, "இது என் வேலை இல்ல மகன், ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்க" என்று சொல்லிவிடுவார். அவர் கொடுத்த மருந்து பிழைத்துப் போனால் அடுத்த வெள்ளிக்கிழமை அதே பள்ளியில், அதே ஸஃப்பில், மருந்து குடித்த பிள்ளையின் வாப்பாவுக்குப் பக்கத்தில் நின்று தொழவேண்டும். வேறு காவல் எங்களுக்கு இருக்கவில்லை. வைத்தியரின் முகம்தான் மருந்துக்கு உத்தரவாதம்.

பாமசியில் நான் திறந்த பெட்டிகளுக்கு முகம் இல்லை. சுவிற்சர்லாந்து, இங்கிலாந்து, அமெரிக்கா என்று தூர தேசத்துப் பெயர்கள். உள்ளிருக்கும் சரக்கு ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு கொம்பனிக்கும் ஒவ்வொரு பெயர், ஒவ்வொரு விலை. அந்தக் காலத்து இலங்கைச் சந்தையில் இப்படி 2,100 வரையான மருந்துகள் புழங்கின. அவற்றில் எது தேவை, எது வீண் என்று சொல்ல எங்களில் எவருக்கும் வழி தெரியாது.

சொல்லத் தெரிந்தவர் சேனக பிபிலே. 1920இல் பிறந்தவர். எடின்பரோவில் கலாநிதிப் பட்டம் பெற்று வந்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது மருந்தியல் பேராசிரியரானார். அரச வைத்தியசாலைகளில் என்னென்ன மருந்து இருக்கவேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வேலையை 1950களின் இறுதியிலேயே தொடங்கிவிட்டார். 1971இல் அவரும், வைத்தியரும் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் சேர்ந்து அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதன்படி அதே ஆண்டில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. பிபிலே அதன் முதல் தலைவர்.

அவர் செய்தது கேட்க எளிது. ஒவ்வொரு மருந்திடமும் ஒரே கேள்விகளைக் கேட்டார். இது வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் உண்டா? தீங்கு எவ்வளவு? இந்த நாட்டு மக்களுக்கு இது தேவையா? இதே சரக்கு மலிவாகக் கிடைக்குமா? இந்தக் கேள்விகளில் தேறாதவற்றைக் கழித்தபோது 2,100 என்பது ஏறத்தாழ 600 ஆனது. மிஞ்சியவற்றை உலக நாடுகளிடம் விலை கேட்டு, மொத்தமாக, கொம்பனிப் பெயரை விட்டு மருந்தின் சொந்தப் பெயரிலேயே வாங்கினார்.

எங்கள் கடையில் அந்த மாற்றம் வந்து இறங்கிய நாள் நினைவிருக்கிறது. மினுக்குப் பெட்டிகள் குறைந்து, வெறும் வெள்ளை லேபல் ஒட்டிய பெரிய டின்கள் வந்தன. முதலாளிக்கு மனம் ஒப்பவில்லை. சனங்களும் "பழைய பெட்டி இல்லையா?" என்று கேட்டார்கள். அப்போது கடைக்கு வந்துபோகும் அப்போத்திக்கரி ஐயா ஒருவர் என்னைக் கூப்பிட்டுப் பழைய பெட்டியையும் புதிய டின்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பெரிய எழுத்தை விரலால் மறைத்து, அடியில் இருக்கும் சின்ன எழுத்தை வாசிக்கச் சொன்னார். இரண்டிலும் ஒரே பெயர். "கொம்பனி வைக்கிறது பட்டப்பெயர் மகன். இதுதான் மருந்துக்குப் பெத்தவங்க வெச்ச பேரு. இதப் படி" என்றார். பின்னாளில் மருந்தாளர் பரீட்சைக்கு நான் படித்ததெல்லாம் அந்தச் சின்ன எழுத்திலிருந்துதான் தொடங்கியது.

பெரிய கொம்பனிகள் சும்மா இருக்கவில்லை. 1974இல் நாட்டில் கொலரா பரவியபோது அதற்கு வேண்டிய டெட்ராசைக்ளின் மூலப்பொருளைக் கூட்டுத்தாபனம் ஹெக்ஸ்ட் நிறுவனத்திடம் வாங்கிவைத்திருந்தது. பைசர் நிறுவனம் கேட்ட விலையில் அது ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். அந்த மூலப்பொருளைக் கூட்டில் அடைத்துத் தர இலங்கையிலிருந்த பைசர் தொழிற்சாலை மறுத்தது. கடைசியில் அடைத்த மருந்தையே பெருஞ்செலவில் விமானத்தில் இறக்கவேண்டி வந்தது. தொழிற்சாலையை அரசுடைமையாக்கும் யோசனை எழுந்தபோது அமெரிக்கத் தூதுவர் பிரதமரிடம் நேரிலேயே தலையிட்டார், யோசனை கைவிடப்பட்டது. பொருளியலாளர் சஞ்சய லாலும் பிபிலேயும் எழுதி 1977இல் வெளிவந்த ஆய்வில் இந்தக் கதை பதிவாகியிருக்கிறது.

அந்த ஆண்டே ஆட்சி மாறியது. திறந்த பொருளாதாரம் வந்தது. கூட்டுத்தாபனத்தின் இறக்குமதித் தனியுரிமை போனது. அதே 1977இல் உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. 1982இல் வங்காளதேசம் அதே பாதையில் தன் மருந்துக் கொள்கையை வகுத்தது. தன் அனுபவத்தை வேறு ஏழை நாடுகளுக்கும் எடுத்துச்சென்ற பிபிலே, 1977 செப்டெம்பர் 29இல் கயானாவின் ஜோர்ஜ்டவுனில் காலமானார். வயது ஐம்பத்தேழு. அவர் தொடங்கிய கூட்டுத்தாபனமும் அதன் ஒசுசல மருந்தகங்களும் மட்டும் இன்றுவரை நிற்கின்றன.

இறக்குமதிக் கதவு திறந்த பிறகு மருந்துக் கொம்பனிகளின் ரெப்மார் வந்தார்கள். கழுத்துப்பட்டி, தோல் பை, மோட்டார் சைக்கிள். நல்ல பிள்ளைகள், பலர் எங்கள் ஊர்ப் பிள்ளைகளேதான். மாத இலக்கை எட்டாவிட்டால் வேலை போய்விடும் என்ற பயத்தோடு வருவார்கள். வைத்தியருக்குப் பேனை, கலண்டர், மாதிரிக் குளிசை. கடைக்குப் பத்துப் பெட்டிக்கு இரண்டு போனஸ். ஒரு நிறுவனத்தின் சத்து டொனிக்கை எங்கள் முதலாளி போனஸுக்காக ஐம்பது போத்தல் எடுத்தார். எடுத்தால் விற்கவேண்டும். மெலிந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு தாய்க்கு நானே அதை விற்றேன். அவரது புருஷன் கரைவலைத் தொழிலாளி. அந்தப் போத்தலின் விலைக்கு அந்தப் பிள்ளைக்குப் பத்து நாள் முட்டையும் பாலும் கொடுத்திருக்கலாம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் விற்றேன். மருந்து விளம்பரத்தின் தீங்கு எது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஏமாற்று மருந்துதான் வேண்டுமென்றில்லை. தேவையில்லாத நல்ல மருந்தும் ஏழையின் சோற்றைத் தின்றுவிடும்.

இங்கிலீசு மருந்தில் இப்படி நம்பிக்கை கெட்டவர்கள் "நாட்டு மருந்துக்குப் பக்கவிளைவே இல்லை" என்ற மறுகரைக்குப் போனார்கள். ஜும்ஆ முடிந்து சனம் வெளியே வரும்போது ஒலிபெருக்கி கட்டிய வேன் நிற்கும். கைகால் உளைவு, நாரிப்பிடிப்பு, சீனி வருத்தம், பிள்ளையில்லாக் குறை எல்லாவற்றுக்கும் ஒரே பொடி. என் சாச்சி முழங்கால் வலிக்கு அப்படி வந்த பொடியொன்றை வாங்கித் தின்றார். மூன்றே நாளில் வலி பறந்தது. ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். நாலைந்து மாதத்தில் முகம் நிலாப்போல உருண்டது, சீனி ஏறியது, தோலைத் தொட்டாலே கன்றியது. பொடியை நிறுத்தியதும் எழும்ப முடியாமல் விழுந்தார். பரிசோதித்த வைத்தியர், பொடியில் ஸ்டீரொய்ட் கலந்திருக்கிறது என்றார். மூலிகை என்ற பெயரில் பிரெட்னிசொலோனோ டெக்ஸாமெதசோனோ இடித்துக் கலப்பது பல நாடுகளில் பிடிபட்ட பழைய தந்திரம். வேன் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை. யாரிடம் போய்க் கேட்பது? பரிசாரியாருக்கு முகம் இருந்தது. வேனுக்கு இலக்கத்தகடு கூட எங்களுக்கு நினைவில்லை.

கலப்படம் இல்லாத மூலிகையும் தானாகப் பாதுகாப்பாகிவிடாது. நாட்டு வைத்தியத்தில் புழங்கும் ஈச்சுரமூலியின் இனத்தில் இருக்கும் அரிஸ்டொலொக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அழிக்கும்; புற்றுநோயும் உண்டாக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகைக் குளிசை எடுத்த பெண்கள் பலர் சிறுநீரகம் பழுதாகி வைத்தியசாலைக்கு வந்தபோது அது உலகத்துக்குத் தெரிந்தது. மறுபக்கம், சர்ப்பகந்தி வேரை எடுத்துக்கொள்ளுங்கள். பரம்பரையாக வைத்தியர்கள் கொடுத்துவந்த அந்த வேர் இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்பதை மும்பை இதய வைத்தியர் ருஸ்தம் ஜல் வாகில் நோயாளிகளிடம் முறையாக அளந்து 1949இல் பிரித்தானிய இதழொன்றில் வெளியிட்டார், உலகம் ஏற்றுக்கொண்டது. இரண்டும் செடிகள்தான். அளந்து பார்த்ததால்தான் எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரிந்தது.

இப்படிச் சோதித்துப் பார் என்று சொல்வது மேற்கத்தியப் புத்தி என்று எங்களில் சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு நான் இப்னு ஸீனாவை நினைவூட்டுவேன். யூனானி வைத்தியத்தின் தலைமகன் அவர், 1037இல் மறைந்தவர். தன் கானூன் நூலின் இரண்டாம் பாகத்தில் மருந்தைச் சோதிக்க ஏழு நிபந்தனைகள் வைத்தார். மருந்தில் வேறு குணம் கலந்திருக்கக்கூடாது. சிக்கலான நோயில் அல்லாமல் தனி நோயில் பார்க்கவேண்டும். பலன் தெரியும் நேரத்தைக் கவனிக்கவேண்டும். ஒருமுறை பலித்தது போதாது. திரும்பத் திரும்பப் பலிக்கவேண்டும். மிருகத்தில் பலித்தது மனிதனிலும் பலிக்கும் என்று எண்ணக்கூடாது. அக்கால இஸ்லாமிய நகரங்களில் முஹ்தஸிப் என்ற சந்தைக் கண்காணிப்பாளருக்கு மருந்துக் கடைக்காரரையும் சர்பத் காய்ச்சுபவரையும் சோதிக்கும் பொறுப்பு இருந்தது. 12ஆம் நூற்றாண்டில் அஷ்-ஷைஸரி எழுதிய கைந்நூல் கலப்படத்தைக் கண்டுபிடிக்கும் வழிகளை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. வைத்தியம் அறியாதவன் வைத்தியம் பார்த்தால் விளையும் தீங்குக்கு அவனே பொறுப்பு என்பது நபிமொழியின் கருத்து. கருஞ்சீரகப் போத்தலில் ஹதீஸை அச்சடித்து விற்பவர்கள் இந்த ஹதீஸையும் அதன் பக்கத்தில் அச்சடிக்கவேண்டும். பட்டியலும் சோதனையும் கேள்வியும் எங்கள் வீட்டுச் சொத்து. இங்கேயும் பொரளையில் 1929இல் தொடங்கிய சுதேச வைத்தியக் கல்லூரியில் ஆயுர்வேதத்தோடு சித்தமும் யூனானியும் கற்பிக்கப்பட்டன. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் வைத்தியர்களைப் பதிவு செய்தது. படித்துப் பதிந்த ஹக்கீமுக்கும் வேன்காரனுக்கும் வித்தியாசம் தெரியாமல் போனது எங்கள் குறை.

2004 டிசம்பர் 26, சுனாமி நாள். சாய்ந்தமருதின் கடலோரம் எப்படிப் போனது என்பதை இங்கே எழுத என்னால் முடியாது. மூன்றாம் நாளிலிருந்து முகாம்களுக்கு மருந்து வரத் தொடங்கியது. மருந்து தெரிந்தவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூட வகுப்பறைத் தரையில் உட்கார்ந்து பெட்டிகளைப் பிரித்தேன். அன்போடு அனுப்பியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் சில லேபல்களின் எழுத்தே எனக்குத் தெரியவில்லை. சிலவற்றுக்குத் திகதி முடிந்திருந்தது. காயத்துக்குக் கட்டுத்துணியும் பிள்ளைகளின் வயிற்றோட்டத்துக்கு ஜீவனியும் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், என்னவென்று தெரியாத குளிசைகளை மூட்டை கட்டி ஒதுக்குவதில் ஒரு பகல் போனது. இதே அலை அடித்த இந்தோனேசியாவின் அச்சேயில் சுமார் 4,000 தொன் மருந்து வந்து குவிந்தது. அதில் 600 தொன் அழிக்கவேண்டிய குப்பை என்று பிறகு கணக்கெடுத்தார்கள். பட்டியல் இல்லாமல் வந்தால் தர்மமும் சுமையாகும் என்பதை அந்தத் தரையில் உட்கார்ந்துதான் நான் படித்தேன்.

பிபிலே மறைந்து முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின், 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை வந்தது. அடுத்த ஆண்டு 48 மருந்துகளுக்கு உச்ச விலை வைத்தார்கள். சீனி வருத்தக்காரர்கள் கடைக்கு வந்து மிச்சக் காசை எண்ணிப் பார்த்த சந்தோஷத்தை நான் கண்டேன்.

சட்டம் வந்தால் போதாது, அது விழித்திருக்கவேண்டும். 2020 டிசம்பரில் கேகாலையில் தம்மிக்க பண்டார என்பவர் தேனும் சாதிக்காயும் சேர்ந்த ஒரு பாணி கொரோனாவைத் தடுக்கும் என்றார். ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து வரிசையில் நின்றார்கள். அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அதைப் பலர் முன்னால் குடித்தார். அடுத்த மாதம் அவருக்கே தொற்று உறுதியானது. அதே வாரங்களில் கொரோனாவில் இறந்த எங்கள் மையித்துகளை அடக்க விடாமல் எரித்துக்கொண்டிருந்தார்கள். அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருந்தும், நிலத்தடி நீர் கெடும் என்று ஆதாரமில்லாத காரணம் சொன்னார்கள். 2021 பெப்ரவரி இறுதியில்தான் வர்த்தமானி மாறியது. மார்ச்சில் ஓட்டமாவடியில் முதல் அடக்கம் நடந்தது. பாணிக்கு ஆதாரம் கேட்காத நாடு, கபுறுக்கு மட்டும் ஆதாரம் கேட்டது. ஆதாரம் எல்லாருக்கும் ஒரே அளவுகோலாக இல்லாவிட்டால் அது வலியவன் கையில் கம்பாகிவிடும். அன்றிலிருந்து மருந்துப் பாதுகாப்பை வெறும் வைத்திய விஷயமாக என்னால் நினைக்க முடியவில்லை.

2022இல் பணமின்றி மருந்து தட்டுப்பாடு வந்தது. அவசரம் என்ற பெயரில் பதிவில்லாத மருந்துகளும் நாட்டுக்குள் வந்தன. 2023இல் நுவரெலியாவில் கண் சத்திரசிகிச்சை செய்தவர்கள் சிலர், இறக்குமதியான பிரெட்னிசொலோன் கண்துளி விட்டபின் பார்வையை இழந்தார்கள். அதே ஆண்டு அரச வைத்தியசாலைகளுக்குப் போலி இம்யூனோகுளோபியூலின் குப்பிகள் போய்ச் சேர்ந்தது வெளியானது. அந்தக் கொள்வனவு தொடர்பில் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல 2024 பெப்ரவரி 2இல் கைதாகி, விடயம் நீதிமன்றத்துக்குப் போனது. வேன்காரனின் பொடிக்கும் இந்தக் குப்பிக்கும் என்ன வித்தியாசம்? இரண்டையும் யாரும் சோதிக்கவில்லை. இரண்டையும் நம்பிக் கையை நீட்டியவர் நோயாளி.

கிராமத்தில் முகம் காத்தது. மருந்து கடல் கடந்து வரத் தொடங்கியபோது முகத்தின் இடத்தில் ஒரு பட்டியலையும் ஆய்வுகூடத்தையும் கேள்வி கேட்கும் ஒரு சபையையும் வைக்கவேண்டும் என்று பிபிலே கண்டார். அந்தக் காவல் தூங்கிய ஒவ்வொரு முறையும் நாங்கள் விலை கொடுத்திருக்கிறோம். வைத்தியரையோ ஹக்கீமையோ சந்தேகத்தோடு பாருங்கள் என்று நான் சொல்லவரவில்லை. நல்லவர் கேள்விக்குக் கோபிக்கமாட்டார். எங்கள் பரிசாரியார் ஒருநாளும் கோபித்ததில்லை.

ஆகவே என் ஊராருக்கு ஒரு வேண்டுகோள். மருந்துத் துண்டைக் கையில் வாங்கும்போது மருந்தின் சொந்தப் பெயர் என்ன என்று கேளுங்கள். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிவையுங்கள். பெயர் சொல்லாத பொடியையும் பாணியையும் வாயில் வைக்காதீர்கள். நாட்டு மருந்து எடுத்தால் அதை வைத்தியரிடம் மறைக்காதீர்கள். பெட்டியை எறியாதீர்கள், தொகுதி இலக்கமும் திகதியும் அதில்தான் இருக்கின்றன. குடித்தபின் உடம்பில் ஏதும் வித்தியாசம் கண்டால் அந்தப் பெட்டியோடு வைத்தியசாலைக்குப் போங்கள். பெரிய எழுத்தை விரலால் மறைத்துச் சின்ன எழுத்தை வாசிக்க உங்கள் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள்.